கட்டளையில் இல்லாத விளக்கு

இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வரி. யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றும்போது சொல்லும் வரி.

முதலில் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். பொழுது சாயச் சுமார் 18 நிமிடம் இருக்கிறது. அது முடிந்தால் சபாத், அதாவது ஓய்வுநாள், தொடங்கிவிடும். வீட்டுப் பெண் விளக்குகளை ஏற்றுகிறாள். ஐரோப்பிய வழிவந்த யூதர் வீடு என்றால், ஏற்றியதும் இரு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொள்கிறாள். பிறகு எபிரேய மொழியில் ஒரு வாழ்த்து. 'பெராக்கா' என்பது அதன் பெயர். சபாத் விளக்கை ஏற்றும்படி எங்களுக்குக் கட்டளையிட்ட இறைவனைப் போற்றுகிறோம் என்பது அதன் சாரம்.

எளிய வரிதான். ஆனால் ஒரு கேள்வி கேட்டால் சிக்கல் தொடங்கிவிடும். இறைவன் எங்கே கட்டளையிட்டான்?

மோசேயின் ஐந்து நூல்களைத் தோரா என்கிறார்கள். அதை முழுக்கத் தேடினாலும் சபாத் விளக்கை ஏற்று என்ற கட்டளை கிடைக்காது. கிடைப்பது கிட்டத்தட்ட அதற்கு நேர்மாறானது. யாத்திராகமம் 35:3, ஓய்வுநாளில் வீடுகளில் நெருப்பு மூட்டக் கூடாது என்கிறது.

அப்படியென்றால் விளக்கு எப்படி வந்தது? அது ரபிகள் என்னும் சட்ட அறிஞர்கள் வகுத்த கடமை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில், எந்த எண்ணெய் ஆகும், எந்தத் திரி ஆகாது என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. நாள் தொடங்கும் முன்பே ஏற்றிவிட்டால், அது தானாக எரிந்துகொண்டிருப்பதில் தவறில்லை என்பது அவர்கள் கருத்து. பிறகு வந்த தால்மூத் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கையில் இருக்கும் காசு ஒன்றுக்குத்தான் போதும், விளக்கா அல்லது அந்த இரவின் புனிதச் சடங்குக்கான திராட்சை ரசமா என்று கேட்டால், விளக்குதான் என்கிறது. காரணம், வீட்டில் அமைதி. இருட்டில் உட்கார்ந்து சாப்பிடும் குடும்பத்தில் அமைதி இருக்காது. 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த மைமோனிடிஸ், சாப்பாட்டுக்கு வழியில்லாதவன்கூட வீடு வீடாகக் கேட்டு எண்ணெய் வாங்கி விளக்கேற்ற வேண்டும் என்று எழுதினார்.

இவ்வளவு சொன்ன தால்மூதில், சபாத் விளக்குக்கான அந்த வாழ்த்து மட்டும் இல்லை. ஹனுக்கா பண்டிகை விளக்குக்கு இருக்கிறது. அந்தப் பண்டிகையே தோராவுக்குப் பிந்தியது என்பதால், எங்கே கட்டளையிட்டான் என்று தால்மூதே கேட்டுக்கொள்கிறது. நீதிபதிகள் சொல்வதை விட்டு விலகாதே என்ற உபாகமம் 17:11 அங்கே சொல்லப்படும் ஒரு பதில். ரபிகள் சொன்னதைச் செய்வதும் இறைவன் கட்டளைதான் என்று பொருள். முழு ரபி மரபும் நிற்பது இந்த ஒரு தூணின் மேல்.

8ஆம் நூற்றாண்டில் பாபிலோனியாவில் அந்தத் தூணை அசைக்க ஆட்கள் வந்தார்கள். அனான் பென் தாவீது என்பவரிடம் தொடங்கி, பின்னர் காரைட்டுகள் என்று பெயர்பெற்ற பிரிவு அது. வேதநூல் போதும், ரபிகளின் வாய்மொழிச் சட்டம் வேண்டாம் என்றார்கள். நெருப்பு கூடாது என்றால் முன்பே ஏற்றிய நெருப்பும் கூடாது. எனவே வெள்ளி இரவில் அவர்கள் இருட்டில் இருந்தார்கள். எந்த வீடு எந்தப் பக்கம் என்று தெருவில் நடப்பவருக்கே தெரிந்திருக்கும்.

இந்தச் சர்ச்சை நடந்த காலத்தில்தான் வாழ்த்து வரி எழுத்தில் தெரிகிறது. 9ஆம் நூற்றாண்டில் சூரா கல்விச்சாலையின் தலைவர் அம்ராம், ஸ்பெயின் யூதர்கள் கேட்டதற்கிணங்கத் தொகுத்து அனுப்பிய வழிபாட்டு நூலில் அது இருக்கிறது. காரைட்டுகளுக்குச் சொன்ன பதிலாகவே இந்த வரி உறுதிப்பட்டது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விளக்கேற்றலாம் என்பது ஒரு அனுமதி. கட்டளையிட்டான் என்று சொல்லி ஏற்றுவது ஒரு அறிக்கை. வாரம் தவறாமல், வீட்டுக்குள், பெண்களின் வாயால் அந்த அறிக்கை சொல்லப்பட்டது.

வரி வந்ததும் புதிய சட்டச் சிக்கலும் வந்தது. வாழ்த்தைச் சொன்ன பிறகே காரியத்தைச் செய்ய வேண்டும் என்பது பொது விதி. ஆனால் வாழ்த்தைச் சொல்லிவிட்டால் சபாத்தை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். பிறகு நெருப்பைத் தொட முடியாது. வழி என்ன? முதலில் ஏற்றிவிட்டு, சுடரைக் கையால் மறைத்து, வாழ்த்தைச் சொல்லிக் கையை எடுப்பது. 16ஆம் நூற்றாண்டில் கிராக்கோவின் மோசே இசர்லெஸ் இதைப் பதிவு செய்தார். கண்களைப் பொத்திக்கொள்வது அதன் இன்றைய வடிவம்.

கடைசியாக ஒரு ஆவணம். கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத்தில், பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் பழந்தாள்களைப் போட்டுவைக்கும் அறை ஒன்று இருந்தது. 1896-97இல் சாலமன் ஷெக்டர் அங்கிருந்து பெரும் குவியலைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அந்த அறையின் தாள்களில் 1082ஆம் ஆண்டின் திருமண ஒப்பந்தம் ஒன்று உண்டு. மணமகன் தாவீது பென் தானியேல், ரபி மரபின் பெரிய குடும்பம். அவர் தந்தை பாலஸ்தீனக் கல்விச்சாலையின் தலைவராக இருந்தவர். மணமகள் காரைட் வீட்டுப் பெண். சபாத் இரவில் விளக்கருகே வந்து உட்காரும்படி அவளைக் கட்டாயப்படுத்த மாட்டேன் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். அவருடைய பண்டிகைகளைத் தானும் கடைப்பிடிப்பதாக அவளும் ஒப்புக்கொள்கிறாள்.

சமூகத்தை இரண்டாகப் பிரித்த விளக்கு அது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் அதைப் பற்றி எழுதிக் குவித்தார்கள். அந்த வீட்டிலோ அதை ஒரு நிபந்தனையாக எழுதிக் கையெழுத்திட்டு, ஒரே கூரையின் கீழ் குடியேறினார்கள். விளக்கு வைத்ததே வீட்டு அமைதிக்காகத்தான் என்று தால்மூத் சொன்னது. ஃபுஸ்தாத்தின் அந்த வீட்டில், விளக்கருகே வராமல் இருக்கலாம் என்ற உரிமையும் அதே அமைதிக்காகத்தான் தேவைப்பட்டது.