மருமக்கள்வழி மான்மியம்

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) இயற்றிய அங்கதச் செய்யுள் நூல். முழுப்பெயர் 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்'. அன்றைய திருவிதாங்கூரின் தோவாளை, அகஸ்தீசுவரம் தாலுகாக்கள் அடங்கிய நாஞ்சில் நாட்டில், வேளாளர் குடும்பங்களின் சொத்துரிமை முறை மனைவிக்கும் மக்களுக்கும் இழைத்த அநீதியை எதிர்த்து எழுதப்பட்டது. சமூகக் கொடுமை ஒன்றைச் சிரிப்பால் தாக்கிய தமிழ் நூல்களில் இதற்கு முன்வரிசையில் இடம் உண்டு.

மருமக்கள்வழியில் ஒருவரின் சொத்து அவருடைய பிள்ளைகளுக்குப் போகாது. சகோதரியின் பிள்ளைகளான மருமக்களுக்கே போகும். குடும்பத்தின் மூத்த ஆண், காரணவர் என்ற பெயரில் சொத்தை ஆள்வார். அண்டை அயலில் இருந்த நாயர்களிடமும் இந்த முறை இருந்தது. ஆனால் அங்கே மனைவி பெரும்பாலும் தன் தாய்வீட்டிலேயே இருந்தாள். நாஞ்சில் நாட்டு வேளாளப் பெண்ணோ தாலி கட்டிக் கணவன் வீட்டுக்கு வந்தாள். அவள் விளக்கேற்றிய வீடும் அறுவடை பார்த்த வயலும் சட்டப்படி கணவனின் மருமகனுக்கு உரியவை. கணவன் கண்ணை மூடினால், உகந்துடைமை என்று பிள்ளைகளுக்குக் கிடைக்கும் சிறு பங்கைத் தவிரப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. தந்தை இருக்கும்போதே பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் இடையே பகை மூண்டது. வழக்கு மன்றம் ஏறிக் குடும்பங்கள் அழிந்தன.

இப்படிப்பட்ட ஒன்றைப் பழிக்கத் தமிழில் பழைய வழி இருந்தது. தொல்காப்பியம் அங்கதத்தைச் செம்பொருள், பழிகரப்பு என இரண்டாகப் பிரிக்கிறது. முன்னது வெளிப்படையான வசை. பின்னது பழியை மறைத்துச் சொல்வது. தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவனுடைய படைக்கலங்களின் அழகைப் புகழ்வதுபோலப் போர் காணாத அவனது நிலையைச் சுட்டியதைப் புறநானூறு காட்டுகிறது. சித்தர் பாடல்களில் சாதியும் சடங்கும் நேரடியாகவே ஏளனத்துக்கு ஆளாயின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரதியார் 'இந்தியா' இதழில் கருத்துப்படங்களையும் இந்தப் பணிக்குக் கொண்டுவந்தார்.

கவிமணி எடுத்துக்கொண்டது புராண வடிவம். தலங்களின் பெருமையைச் சொல்லும் நூலுக்கு உரிய 'மான்மியம்' என்ற பெயரை ஒரு கொடிய வழக்கத்துக்குச் சூட்டினார். பழிகரப்பு தலைப்பிலேயே தொடங்கிவிடுகிறது. உள்ளே காப்பியங்களைப் போலப் படலங்கள். 'குலமுறை கிளத்து படலம்' கம்பனில் உள்ள பெயர். அதைத் தொடர்ந்து 'மாமி அரசியற் படலம்', 'கேலிப் படலம்', 'பரிகலப் படலம்' என்று அடுக்களையும் திண்ணையும் காப்பியக் களங்களாகின்றன. நாகாஸ்திரமும் கருடாஸ்திரமும் வீட்டுச் சண்டைக்கு வந்து சேர்கின்றன. வழக்காடிச் சொத்தைத் தொலைப்பது 'கோடேறிக் குடிமுடித்த படலம்'. ஒரு படலத்தின் பெயரே 'கும்பியெரிச்சல்', அதாவது வயிற்றெரிச்சல்.

கதையைச் சொல்பவள் ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவி. நூலின் வலிமை முழுதும் இந்தத் தேர்வில்தான் இருக்கிறது. சீர்திருத்தவாதி மேடையேறிப் பேசியிருந்தால் ஊர் கேட்டுவிட்டுக் கலைந்திருக்கும். இங்கே மாமியாரின் அதிகாரத்துக்கும் சக்களத்திகளின் பேச்சுக்கும் நடுவே வாழ்ந்தவள், தான் பட்டதைத் தன் ஊர்ப்பேச்சில் ஒன்றுவிடாமல் எடுத்துச் சொல்கிறாள். நாஞ்சில் நாட்டுப் பழமொழிகளும் வசைச்சொற்களும் எளிய அகவல் ஓட்டத்தில் தடையின்றி வருகின்றன. சிரித்துக்கொண்டே படிப்பவருக்குத் தம் வீட்டுப் பெண்ணின் குரல் காதில் விழும். கவிமணியும் தேரூரில் அதே சமூகத்தில் பிறந்தவர். வெளியார் யாரும் இவ்வளவு உரிமையோடு இதை எழுதியிருக்க முடியாது.

1910களின் பிற்பகுதியில் 'தமிழன்' இதழில் இது தொடராக வந்தது. அதே காலத்தில் சொத்துரிமையை மாற்றவேண்டும் என்ற கோரிக்கை சமூகத்துக்குள்ளும் வலுத்துவந்தது. 1925இல் நாயர்களுக்கான சட்டம் வந்தது. 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் நிறைவேறி, மனைவி மக்களின் உரிமைக்கு வழி திறந்தது. ஒரு கவிதையே சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்வது மிகை. ஆனால் வழக்கம் என்ற பெயரில் மதிப்போடு நடமாடிய ஒன்றை ஊரார் கூச்சமின்றிப் பேச முடியாத நிலைக்குத் தள்ளியதில் இந்நூலின் பங்கு பெரிது. நூல்வடிவம் 1942இல்தான் வந்தது.

நூலுக்கு எல்லைகளும் உண்டு. மருமக்கள்வழி உடன்பிறந்த பெண்களுக்கும் அவர்கள் வயிற்றுப் பிள்ளைகளுக்கும் அளித்த பாதுகாப்பு இதில் கண்ணில் படுவதில்லை. மனைவியின் பக்கமே முழுப் பக்கம். நாஞ்சில் நாட்டு வயல்களில் நாற்று நட்டுக் கதிரறுத்தவர்களுக்குச் சொத்தும் இல்லை, சொத்துத் தகராறும் இல்லை. அவர்கள் பட்ட அநீதி இந்த நூலின் பொருளாகவில்லை. கவிமணியின் குழந்தைப் பாடல்களும் 'ஆசிய ஜோதி'யும் உமர் கய்யாம் மொழியாக்கமும் பெற்ற புகழில் இது பின்னுக்குப் போயிற்று. அவர் எழுதியவற்றில் மிகத் துணிவானது இதுவே.