சைக்கிள் பஞ்சர் பசையும் டேபிள் டென்னிஸ் ரப்பரும்

டேபிள் டென்னிஸ் பேட் வாங்கப் போனால் மரத்தை விட அதில் ஒட்டுகிற ரப்பருக்குத்தான் கடைக்காரர் நிறையக் கதை சொல்வார். அதில் நியாயம் இருக்கிறது. இந்த ஆட்டத்தில் நடந்த பெரிய சண்டைகள் பலவும் அந்த ரப்பரைப் பற்றியவைதான்.

முதல் சண்டை நம்ம பம்பாயில். 1952 உலக சாம்பியன்ஷிப்புக்கு ஜப்பானின் ஹிரோஜி சாட்டோ தடிமனான ஸ்பாஞ்ச் ஒட்டிய பேட்டோடு வந்தார். அதுவரை எல்லோரும் ஆடியது புள்ளி புள்ளியாக இருக்கும் மெல்லிய ரப்பரில். பந்து பட்டால் 'டக்' என்று கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்தே அடியின் வேகத்தைக் கணிப்பார்கள். ஸ்பாஞ்சில் சத்தமே இல்லை! ஹங்கேரியின் யோஜெஃப் கோட்சியானை இறுதியாட்டத்தில் வென்று சாட்டோ சாம்பியன் ஆனார். பல வருட வாக்குவாதத்துக்குப் பிறகு 1959-ல் விதி வந்தது: வெறும் ஸ்பாஞ்ச் கூடாது, ரப்பரும் ஸ்பாஞ்சும் சேர்ந்து 4 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

சரி, அந்த 4 மி.மீ.க்குள் இன்னும் வேகம் எடுப்பது எப்படி? விடை 1970களில் சைக்கிள் டியூப் ஒட்டும் பசையில் கிடைத்தது. ஹங்கேரியின் டிபோர் கிளாம்பார், யூகோஸ்லாவியாவின் டிராகுடின் ஷூர்பெக் என்ற இருவரின் பெயர்களையும் இதற்குச் சொல்வார்கள். பசையில் உள்ள கரைப்பான் ஸ்பாஞ்சின் துளைகளுக்குள் இறங்கி அதை உப்ப வைக்கும். மேலே இருக்கும் ரப்பர், இழுத்துக் கட்டிய மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். பந்துக்கு வேகமும் சுழலும் கூடும். ஆனால் சில மணி நேரத்தில் கரைப்பான் ஆவியாகிவிடும். அதனால் ஆட்டத்துக்கு முன் ரப்பரை உரித்து மறுபடியும் பசை தடவ வேண்டும். உரித்து உரித்தே ஸ்பாஞ்ச் கிழிந்து போகும் என்பது தனிக்கதை.

ரப்பர் கிழிந்தால் வேறு வாங்கலாம், நுரையீரலுக்கு என்ன செய்வது? பசையில் இருந்த டொலுயீன், பெயிண்ட் தின்னரில் இருக்கும் அதே சரக்கு. மூடிய அறைகளில் பெரியவர்களோடு சிறுவர்களும் அதை மோந்துகொண்டு ஒட்டினார்கள். 1990களில் அதற்குத் தடை வந்தது. உடனே வேறு கரைப்பான்கள் வந்தன. கடைசியில் சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பு 2008 செப்டம்பர் 1 முதல் ஆவியாகும் கரைப்பான் உள்ள பசைகளை முழுவதுமாக நிறுத்தியது. அதற்கு முந்தைய மாதம் நடந்த பெய்ஜிங் ஒலிம்பிக்தான் அந்தப் பசையோடு ஆடிய கடைசி ஒலிம்பிக். நான்கு தங்கமும் சீனாவுக்கு!

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. ஸ்பாஞ்சை உப்ப வைக்க 'பூஸ்டர்' எண்ணெய்கள் வந்தன. தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த ரப்பருக்கு எந்த வேதிப்பொருளும் போடக் கூடாது என்பது விதி. ஆனால் சோதனைக் கருவிகள் அளப்பது ஆவியையும் தடிமனையும். எண்ணெய் சுலபத்தில் ஆவியாகாது, தடிமன் வரம்புக்குள் இருந்தால் பிடிக்கவும் வழியில்லை. பசைக்குத் தடை போட்டது நூறு சதவீதம் சரி. ஆனால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றுக்குத் தடை போட்டால், விதியை மதிக்கிறவன்தான் வேகம் குறைந்த பேட்டோடு நிற்கிறான். இது எனக்கு ஒப்பவில்லை.

லாபம் பார்த்தவர்கள் தயாரிப்பாளர்கள். பசையின் வேலையைத் தொழிற்சாலையிலேயே செய்து, விறைப்பான ரப்பர்களை விற்றார்கள். பட்டர்ஃபிளை நிறுவனத்தின் 'டெனர்ஜி' வந்ததும் அதே 2008-ல்தான். முன்பு பசை டப்பாவுக்குப் போன காசு இப்போது ரப்பர் விலைக்குள் இருக்கிறது. காமர்ஸ் படிக்கிறவன் கண்ணுக்கு இதுதான் முதலில் படுகிறது :)

நம்மைப் போன்றவர்கள் தாராளமாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ரப்பரில் தூசி படிந்தால் பந்தைப் பிடிக்காது, சுழல் போய்விடும். ஆடி முடித்ததும் ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, காய்ந்த பிறகு பிளாஸ்டிக் தாளை ஒட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தண்ணீருக்கு எந்த விதியும் தடை சொல்லவில்லை.