"எங்க டிவியைத் தூக்கிட்டுப் போனது நீங்கதானா?"

சில வருஷத்துக்கு முன்னாடி பால் சொசைட்டிக்காரங்க ஏழெட்டு பேர் சேர்ந்து குஜராத்துல ஆனந்த் வரைக்கும் போயிருந்தோம். அமுல் பார்க்கத்தான். கிளம்பற அன்னிக்குப் பக்கத்து கிராமம் ஒண்ணுல, பால் ஊத்தற இடத்துல டீ குடிச்சிட்டு நின்னோம். ஒரு பெரியவர் வந்து எந்த ஊருன்னு கேட்டார். திருக்கழுக்குன்றம்னா அவருக்கு எப்படித் தெரியும்? மதராஸ் பக்கம்னு சொன்னோம். அவர் முகம் மாறிடுச்சு. எங்ககூட வந்த தம்பிக்கு இந்தி தெரியும். சிரிச்சுக்கிட்டே சொன்னான்: "எங்க டிவியைத் தூக்கிட்டுப் போனது நீங்கதானான்னு கேக்கறாரு."

விளையாட்டுக்குக் கேக்கறார்னு நினைச்சோம். அவர் விளையாடல.

ஊருக்குத் திரும்பி, கிடைச்சதையெல்லாம் படிச்சப்புறம்தான் விஷயம் புரிஞ்சது. கொஞ்சம் பின்னாடி போய்த்தான் சொல்லணும்.

கிராமத்துக்குத்தான் முதல்ல டிவி வேணும்னு சொன்னவர் விக்ரம் சாராபாய். 1969ல அமெரிக்காவோட நாசாவும் நம்ம அணுசக்தித் துறையும் ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. 1971ல சாராபாய் இறந்துட்டார், ஆனா வேலை நிக்கல. 1975 ஆகஸ்ட் 1ல இருந்து 1976 ஜூலை 31 வரைக்கும், ஒரே ஒரு வருஷம், ஏடிஎஸ்-6ங்கற அமெரிக்க செயற்கைக்கோளை இரவல் வாங்கி, 6 மாநிலத்துல சுமார் 2400 கிராமத்துக்கு நேரா நிகழ்ச்சி அனுப்பினாங்க. கோழிக்கூண்டுக்குப் போடற கம்பி வலையில பத்தடி அகலத்துக்குக் குடை மாதிரி ஆன்டெனா செஞ்சு, பள்ளிக்கூடத்துலயும் பஞ்சாயத்து வாசல்லயும் வச்சாங்க. தமிழ்நாடு அந்த ஆறுல இல்ல. வருஷம் முடிஞ்சதும் செயற்கைக்கோளைத் திருப்பிக் கொடுத்தாச்சு. இரவல் நகை, கொடுத்துத்தானே ஆகணும். அதுல எனக்கு வருத்தம் இல்ல.

கேடா கதை வேற. கேடா மாவட்டத்துல பீஜ்னு ஒரு கிராமம். 1975லயே அங்க ஒரு கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் ஒண்ணு வச்சாங்க. சுமார் 400 கிராமத்துல பொது டிவி பெட்டி. அகமதாபாத்துல இருந்த இஸ்ரோ ஆளுங்க நிகழ்ச்சி தயாரிச்சாங்க. எப்படித் தயாரிச்சாங்கங்கறதுதான் எனக்கு ஆச்சரியம். ஆராய்ச்சி பண்றவங்க முதல்ல ஊருக்குள்ள போய், உங்க பிரச்சினை என்னன்னு கேட்டாங்க. அப்புறம்தான் எழுதினாங்க. ஊர்க்காரங்களையே நடிக்க வச்சாங்க. ஒளிபரப்பு ஆனப்புறம் மறுபடியும் போய், புரிஞ்சுதா, பிடிச்சுதான்னு கேட்டாங்க. மாடு வளர்ப்பு, விவசாயம் மட்டும் இல்ல. தீண்டாமை, குறைஞ்சபட்சக் கூலி எல்லாம் பேசினாங்க. ஊர்ப் பெரிய மனுசங்களுக்குக் கசக்கிற சமாச்சாரம். 'சதுர் மோட்டா'ன்னு ஒரு தொடர், வரதட்சணை, விதவை மறுமணம் பத்தி. ஜனங்க புகார் சொல்றதுக்குன்னே ஒரு நிகழ்ச்சி. 1984ல யுனெஸ்கோ இந்தத் திட்டத்துக்குக் கிராமியத் தகவல் தொடர்புக்கான பரிசு கொடுத்தது.

அடுத்த வருஷமே கதை முடிவுக்கு வந்தது. 1985ல அந்த டிரான்ஸ்மிட்டரைச் சென்னைக்குக் கொண்டு வர்றதா முடிவு பண்ணாங்க. எதுக்கு? சென்னைக்கு இரண்டாவது சேனல் வேணுமாம்! நாடு முழுக்க டிவி வேகமா பரவிக்கிட்டிருந்த நேரம். தொடர், விளம்பரம், நகரத்து ஜனம், அந்தக் கணக்குல நாலு நூறு கிராமத்துக்கு என்ன மதிப்பு? கேடா ஜனங்க எதிர்த்துப் போராடினாங்க. ஒரு டிவி நிகழ்ச்சிக்காக விவசாயிங்க போராட்டம் பண்ணாங்கங்கறதை நல்லா யோசிச்சுப் பாருங்க. ஆனா பீஜ் டிவி பழையபடி நிலைக்கல.

இதைப் படிச்சப்ப வயித்தெரிச்சலா இருந்தது. நம்ம பக்கம் என்ன நிலைமைன்னா, சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15ல ஆரம்பிச்சது. எங்க ஊர்ல பஞ்சாயத்து டிவி வந்தப்ப நான் சின்னப் பையன். வயலும் வாழ்வும் போட்டா எங்கப்பா தரையில சப்பணம் போட்டு உக்காந்துடுவார். நல்ல நிகழ்ச்சிதான், குறை சொல்லல. விதை நேர்த்தியை நான் முதல்ல பார்த்தது அதுலதான். ஆனா அதிகாரி பேசுவார், நாங்க கேப்போம். எங்க ஏரிப் பாசனத்துக்கு எது சரிவரும்னு எங்க ஊருக்கு வந்து யாரும் கேக்கல. எங்கப்பா ஒரு தடவை டிவியைப் பார்த்தே, "ஏரியில தண்ணி இருந்தாத்தானய்யா!"ன்னு கத்தினார். பெட்டிக்குக் கேக்குமா?

கேடாவுல கேட்டிருக்கு. அதைத்தான் நிறுத்தினாங்க.

எங்க மலைக்குத் தினமும் உச்சிவேளையில ரெண்டு கழுகு வந்து சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டுப் போகும். எங்க ஊர் பேரே அதுலதான். அதுங்க வர்றது நின்னு பல வருஷமாச்சு. இன்னிக்கும் வெளியூர்க்காரங்க வந்து மேல பார்த்துட்டு நிப்பாங்க. கழுகு வரலன்னா யாரைக் கேக்க முடியும்? இது அப்படி இல்ல. யாரோ ஒருத்தர் ஆபீஸ்ல உக்காந்து கையெழுத்துப் போட்டு நிறுத்தினது.

சென்னையில இருக்கற உங்கள்ல வயசானவங்களுக்கு அந்த இரண்டாவது சேனல் ஞாபகம் இருக்கும். உங்களைக் குத்தம் சொல்லல. அது எங்கிருந்து வந்ததுன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?

அன்னிக்கு அந்தப் பெரியவர் கிளம்பறப்ப இன்னொண்ணும் கேட்டார். "அங்க நல்லா ஓடுச்சா?"ன்னு.

நான் தலையை ஆட்டி, நல்லா ஓடுச்சுன்னு சொல்லச் சொன்னேன். எங்க ஊர்ல மூங்கில் கம்பை எவ்வளவு உயரத்துக் கட்டி ஏரியலைத் திருப்பினாலும் அந்த சேனல் புள்ளி புள்ளியாத்தான் தெரிஞ்சதுன்னு அவர்கிட்ட சொல்ல மனசு வரல.