சுவர் பூசிய கைக்குப் பத்திரம் வந்த வரலாறு



நம்ம மலர்ல சேமிப்பு, கடன், தொழில் பத்தி எல்லாரும் எழுதுவாங்க. நான் வீட்டைப் பத்தி எழுதுறேன். குழுவுல வாங்குற கடன் பல பேருக்கு ஓடு மாத்தவும், சுவர் பூசவும், ஒரு மனை வாங்கவும்தான் போகுது. அப்படிப் பாடுபட்டுக் காப்பாத்துற வீட்டுல நம்ம பேரு எப்ப, எப்படி வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும் இல்லையா?

மண்சுவர் காலம்

எங்க அம்மாச்சி காலத்துல ஊர்ல பாதி வீடு மண்சுவரு, மேல தென்னங்கீத்து இல்லாட்டி பனை ஓலை. தென்னங்கீத்து ரெண்டு மூணு வருஷத்துல மக்கிப் போகும். பனை ஓலை கொஞ்சம் கூட நிக்கும். கூரை மேயுறது ஆம்பளைங்க வேலை. மண்ணு குழைக்கிறது, மழைக்கு அரிச்ச சுவரை அணைக்கிறது, தரையைச் சாணி போட்டு மெழுகுறது, பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறது எல்லாம் பொம்பளைங்க வேலை. 1865-ல மங்களூர்ல பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை வந்த பிறகு, நம்ம பக்கம் சீமை ஓடு பரவுச்சு. அதுக்கு அப்புறமும் மராமத்து நம்ம கையிலதான் இருந்துச்சு. ஆனா வீட்டு வரி ரசீதுல, பத்திரத்துல, பட்டாவுல எல்லாம் தாத்தா பேருதான். எங்க அம்மாச்சி பேரு எந்தக் காகிதத்துலயும் கிடையாது.

சட்டம் வந்த வழி

பெண்ணுக்கும் சொத்துல சம உரிமை வேணும்னு 1929-ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல தீர்மானம் போட்டாங்க. 1937-ல வந்த சட்டம் இந்து விதவைக்குக் கணவன் சொத்துல பங்கு குடுத்துச்சு. ஆனா அது உயிரோட இருக்கிற வரைக்கும் அனுபவிக்கிற உரிமைதான். நினைச்சபடி விற்க முடியாது.

1956-ல இந்து வாரிசு உரிமைச் சட்டம் வந்துச்சு. பெண்ணுக்கு வந்த சொத்துக்கு அவளே முழு உரிமைக்காரி ஆனா. உயில் எழுதாம அப்பா இறந்தா, அவர் சுயமா சம்பாதிச்ச சொத்துல மகளுக்கும் சம பங்கு. ஆனா ரெண்டு குறை இருந்துச்சு. பூர்வீகச் சொத்துல மகனைப் போலப் பிறப்பால வர்ற உரிமை மகளுக்கு இல்ல. குடியிருக்கிற வீட்டுல, ஆண் வாரிசுங்களாப் பார்த்துப் பாகம் பிரிக்கிற வரைக்கும் மகள் பாகம் கேட்க முடியாது. சுவர் பூசுன வீட்டுலதான் சட்டமே கதவைப் பாதி சாத்தி வச்சிருந்துச்சு.

1989 நமக்கு முக்கியமான வருஷம். 25.3.1989 முதல் செல்லும்படி தமிழ்நாடு அரசு சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்துல மகளுக்கும் மகனைப் போலப் பங்கு குடுத்துச்சு. ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு இல்ல. அதே 1989-லதான் தருமபுரி மாவட்டத்துல, சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தோட உதவியில, தமிழ்நாட்டோட மகளிர் குழுக்கள் தொடங்குச்சு. பங்கு கேட்கச் சட்டமும், பேசப் பழக ஒரு கூட்டமும் ஒரே வருஷத்துல நமக்குக் கிடைச்சுது.

9.9.2005-ல நாடு முழுக்கத் திருத்தம் வந்துச்சு. கல்யாணம் எப்ப ஆகியிருந்தாலும் மகள் மகள்தான். குடியிருக்கிற வீட்டுல பாகம் கேட்கக் கூடாதுங்கிற பிரிவையும் எடுத்துட்டாங்க. 20.12.2004-க்கு முன்னாடியே முறையா நடந்த பாகப்பிரிவினையையும் விற்பனையையும் மட்டும் கிளற முடியாது. 2005-ல அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு கட்டாயம் இல்லைன்னு 11.8.2020-ல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிருச்சு. இதெல்லாம் இந்து வாரிசுச் சட்டம். கிறிஸ்தவ, முஸ்லிம் சகோதரிகளுக்குச் சட்டம் வேற. அவங்க தங்களுக்கு உரியதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

கையெழுத்துக்கு முன்னாடி

சட்டம் வந்தாச்சு. ஆனா "சீர் செஞ்சாச்சு, நகை போட்டாச்சு, இன்னும் என்ன பங்கு?"ன்னு கேட்கிற பேச்சு போகல. சீர் வாங்குனதால பங்கு போச்சுன்னு சட்டத்துல எங்கயும் இல்ல. அண்ணன் தம்பி உறவு கெட்டுருமோன்னு பயந்து, படிச்சுக்கூடப் பார்க்காம விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்ட பொம்பளைங்க நம்ம பக்கத்துல நிறைய பேரு. விட்டுக் குடுக்கணும்னு உங்களுக்கே மனசு இருந்தா தாராளமாக் குடுங்க. ஆனா எதை, எவ்வளவை விடுறோம்னு தெரிஞ்சு விடுங்க. பத்திரத்தை ஒரு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டுப் பேனாவைத் தொடுங்க.

இன்னொண்ணு, மாமனார் பேருலயே கிடக்கிற பட்டா. எங்க பக்கத்து ஊர்ல ஒரு அக்கா, வீட்டுக்காரர் இறந்த பிறகு வீடு கட்டும் திட்டத்துல எழுதிக் குடுத்தாங்க. மனை பேரு மாறாததால அந்த வருஷம் கிடைக்கல. ஒழுகுற வீட்டுலயே ரெண்டு மழைக்காலம் ஓட்டுனாங்க. பெரியவங்க தவறிட்டா, வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பட்டாவுல பேரு மாத்துறதையும் ஒரு மராமத்து வேலையா நினைச்சு உடனே செய்யணும்.

மனை வாங்கும்போது

கலர் கொடி நட்டு, "பஸ் வரப்போகுது, தவணையில குடுங்க"ன்னு சொல்றதை மட்டும் நம்பிப் பணத்தைக் குடுக்காதீங்க. இந்த வரிசையில பாருங்க.

முதல்ல தாய்ப் பத்திரம். விக்கிறவருக்குச் சொத்து எப்படி வந்துச்சுன்னு அதுதான் சொல்லும். அடுத்து குறைஞ்சது 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று. பதிவான அடமானமும் விற்பனையும் அதுல தெரியும். கைக்கடனும் வாய்மொழிப் பேச்சும் அதுல வராது, அதனால அக்கம்பக்கத்துலயும் விசாரிங்க. மூணாவது பட்டாவும் புல வரைபடமும். சர்வே எண், உட்பிரிவு, அளவு மூணும் பத்திரத்தோட ஒத்துப் போகணும். புறம்போக்கா, ஓடையான்னு கிராம நிர்வாக அலுவலர்கிட்ட கேளுங்க. நாலாவது மனைப்பிரிவு அங்கீகாரம். அங்கீகாரம் இல்லாத மனைப் பதிவுக்கு 2016-ல தடை வந்து, 20.10.2016-க்கு முந்தின மனைகளுக்கு மட்டும் வரன்முறைத் திட்டம் கொண்டு வந்தாங்க. அதை நம்பித் தவணை கட்டுன ஏழைங்கதான் அப்ப ரொம்பத் தவிச்சாங்க.

நூறு ரூபாய்க்கு மேல மதிப்புள்ள நிலத்தை வித்தாப் பதிவு செய்யணும்னு 1882-ம் வருஷச் சட்டமே சொல்லுது. வெறும் பத்திரத்தாள்ல எழுதுன ஒப்பந்தம் சொத்து ஆகாது. 1.4.2025 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேருல பதிஞ்சா, பதிவுக் கட்டணத்துல 1 சதவீதம் குறையும். 10 லட்சத்துக்கு 10,000 ரூபாய் மிச்சம். வாங்குறப்பவே உங்க பேருல எழுதச் சொல்ல இதைவிட நல்ல காரணம் வேணுமா?

வீட்டுப் பழுது

வீட்டுக்கு முதல் எதிரி தண்ணி. ஐப்பசி மழைக்கு முன்னாடி ஓடு, மொட்டைமாடி, தண்ணி விழுற குழாய் மூணையும் பாருங்க. சுவத்துல முளைச்ச அரசங்கன்னைச் சின்னதுலயே வேரோட எடுங்க. மண்சுவர் மேல சிமெண்ட் பூசாதீங்க. உள்ள இருக்கிற ஈரம் வெளியேற முடியாமப் பூச்சு பேந்து விழும். மண்ணும் சுண்ணாம்பும்தான் அதுக்குச் சரி. கான்கிரீட் பேந்து கம்பி துருப்பிடிச்சுத் தெரிஞ்சா, மேல பூசி மறைக்காம, துருவைச் சுரண்டிச் சரிபண்ணச் சொல்லுங்க. புதுப் பூச்சுக்கு ஏழு நாளாவது தண்ணி ஊத்துங்க. கொத்தனாருக்கு மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே குடுக்காதீங்க. முடிஞ்ச வேலைக்கு ஏத்தபடி குடுத்து நோட்டுல எழுதுங்க. நமக்குத்தான் கணக்கு எழுதுறது பழக்கம் ஆச்சே.

சுவத்துல விரிசல் விட்டா ஓடிப் போய்ப் பூசுறோம். பத்திரத்துலயும் பட்டாவுலயும் இருக்கிற விரிசல் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த மாசக் கூட்டத்துக்கு ஒவ்வொருத்தரும் வீட்டுப் பட்டா நகலை எடுத்துட்டு வாங்க. யார் பேருல இருக்குன்னு சேர்ந்து உக்காந்து பார்ப்போம். மாத்த வேண்டியதை மழைக்கு முன்னாடி மாத்திருவோம்.