பொன் எழுத்தில் ஒரு பெயர்

போன மாதம் எங்கள் பாடசாலைச் சிற்றூழியர் ஒருவருக்குப் பிரியாவிடை. 31 வருடச் சேவை. நலன்புரிச் சங்கத்தில் காசு சேர்த்து, பெயரும் வருடங்களும் பொன் எழுத்தில் பதித்த பீங்கான் தட்டொன்று கொடுத்தோம். "இதுல சோறு தின்ன ஏலாதே சேர்" என்று சிரித்தார். இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடினோம்.

நெடுங்காலம் ஐரோப்பாவுக்குப் பீங்கான் செய்யத் தெரியாது. சீனாவிலிருந்து கப்பலில் வந்ததை அரசர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள். ஜெர்மனியின் சக்சனி நாட்டு மன்னன் அகஸ்டஸுக்கு அதில் பைத்தியம். பொன் செய்யத் தெரியும் என்று பேரெடுத்த பொட்கர் என்ற இளைஞனை 1701இல் பிடித்து அடைத்து வைத்தான். பொன் வரவில்லை. 1708இல் வெள்ளைப் பீங்கான் வந்தது. 1710இல் மைசன் தொழிற்சாலை பிறந்தது. பொட்கருக்கு விடுதலை கிடைத்ததோ 1714இல்தான். 37 வயதில் இறந்துபோனார். சொந்தத் தொழிற்சாலை இருந்தும் மன்னனின் ஆசை அடங்கவில்லை. 1717இல் 600 குதிரைப்படை வீரர்களைப் பிரஷ்யாவுக்குக் கொடுத்து, 151 சீனப் பீங்கான்களை வாங்கினான். மனிதனைக் கொடுத்து ஜாடி வாங்கியிருக்கிறான்!

அதே மைசனில் கெண்ட்லர் என்ற சிற்பி 1731இல் சேர்ந்து, 1775இல் இறக்கும்வரை 44 வருடம் உழைத்தார். ஓர் அமைச்சருக்காக அவர் தலைமையில் செய்த அன்னப்பறவை விருந்துத் தொகுதியில் மட்டும் 2,000க்கு மேற்பட்ட பாத்திரங்கள். அடியில் இருப்பது தொழிற்சாலையின் இரட்டை வாள் முத்திரை.

பிற்காலத்தில்தான் ஜெர்மனியில் 25, 40 வருடம் வேலை செய்தவருக்கு, அவருடைய பெயரையே முகப்பில் எழுதிய கப்பும் தட்டும் கொடுக்கும் வழக்கம் பரவியது. வெள்ளைக் களிமண்ணை ஏறத்தாழ 1,400 பாகையில் சுட்டெடுத்து, பளபளப்புப் பூச்சுக்கு மேலே பொன்னால் எழுதி, குறைந்த சூட்டில் மறுபடி சுடுவார்கள். பொன் மேற்பரப்பில் மட்டுமே ஒட்டியிருப்பதால், தேய்த்துக் கழுவக் கழுவ அழிந்துபோகும். அவர் சொன்னது சரிதான், சோறு தின்ன ஏலாது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். கடைக்காரர் "முழுப்பெயரைத் தாங்க" என்று கேட்டபோது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. 31 வருடமும் செல்லப்பெயர்தான் கூப்பிட்டிருக்கிறோம். அலுவலகக் கோப்பைத் திறந்து பார்த்துத்தான் எழுதிக் கொடுத்தோம்.

போன வெள்ளி அவருடைய வீட்டுக்குப் போனோம். தட்டு கண்ணாடி அலுமாரியில் இருந்தது. இரண்டாம் வகுப்புப் பேரப்பிள்ளை, எழுத்துக் கூட்டி அந்தப் பெயரை எங்களுக்கு வாசித்துக் காட்டியது.