தெரிவும் ஓய்வும்: கர்ப்பப்பை இறக்கச் சிகிச்சையின் சமூக வரலாறு
லுணுகலைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் மருந்துகளினதும் மருத்துவர்களினதும் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. உழைத்துண்ணும் நோயாளியின் வரலாறு அதன் ஓரங்களிலேயே நிற்கிறது. உயிரைப் பறிக்கும் நோய்களாவது புள்ளிவிபரங்களில் இடம்பெறுகின்றன. கொல்லாது வருத்தும் நோய்களுக்கு அவ்விடமும் கிட்டுவதில்லை. கர்ப்பப்பை இறக்கம் அத்தகையதொரு நோயாகும். இந்நோய்க்குச் சத்திரசிகிச்சை செய்வதா, அதனைத் தவிர்த்து வேறு வழிகளை நாடுவதா என்பது வைத்தியருக்கும் நோயாளிக்கும் இடையிலான தனிப்பட்ட வினாவாகவே பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அவ்வினாவை ஊவாவின் லுணுகலைப் பகுதிப் பெருந்தோட்டங்களில் நிறுத்தி, அதன் சமூக அடிப்படையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடுப்புக்குழியின் அடித்தளத் தசைகளும் இணையங்களும் தளர்வதனால் கர்ப்பப்பையோ, அதனை அடுத்துள்ள சலப்பையோ, மலக்குடலோ யோனிவழியே கீழிறங்குவதே இந்நோய். பல பிரசவங்கள், நீடித்த கடும் பிரசவம், மாதவிடாய் நின்றபின் ஏற்படும் இழைய நலிவு, தீராத இருமல், மலச்சிக்கல், பாரம் சுமத்தல் ஆகியன இதன் காரணிகளாகக் கூறப்படுவன. இவற்றுட் சில உடலியல் சார்ந்தவை. பாரமும், பிரசவத்தின் பின் கிடைக்காத ஓய்வும் உற்பத்தி உறவுகளைச் சார்ந்தவை.

1

லுணுகலைப் பகுதியின் வரலாறே இதற்குச் சான்று. 1869இல், லுணுகலையை அடுத்த மடூல்சீமைத் தோட்டமொன்றிலேயே கோப்பி இலைநோய் இலங்கையில் முதன்முதல் அவதானிக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இதனைப் பயிர் மாற்றமாக மட்டும் நோக்குதல் போதாது. கோப்பி பருவகாலப் பயிர். தென்னிந்தியாவிலிருந்து வந்து, அறுவடை முடிய மீண்டுசென்ற ஆண்களே அதன் உழைப்பாளரிற் பெரும்பான்மையினர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்கப்பட வேண்டியது. அதற்கு நிரந்தரமாகத் தோட்டத்திலேயே வாழும் உழைப்பாளர் வேண்டியிருந்தனர். குடும்பம் லயத்திற் குடியேற்றப்பட்டது. பெண் கொழுந்து மலைக்கு அனுப்பப்பட்டாள். இன்றைய உழைப்பை மலையிலும், நாளைய உழைப்பாளியை லயத்திலும் உற்பத்தி செய்யும் இரட்டைச் சுமை அவள் உடல்மீது ஏற்றப்பட்டது.

தோட்ட வைத்தியமும் இவ்வடிப்படையிலேயே தோன்றியது. 1872ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டமும், 1912ஆம் ஆண்டுச் சட்டங்களும் தோட்ட மாவட்டங்களில் வைத்தியசாலைகளையும் மருந்தகங்களையும் ஏற்படுத்த வழிசெய்தன. காய்ச்சலும் கொள்ளைநோயும் தொழிலாளர் தொகையைக் குறைப்பன. ஆதலால் அவற்றுக்கு மருந்து வேண்டப்பட்டது. கர்ப்பப்பை இறங்கியவள் தொடர்ந்து கூடை சுமக்கக்கூடியவளாக இருந்தாள். அவள் நோய் தோட்டத்தின் கணக்கில் ஒரு நட்டமாகத் தோன்றவில்லை.

2

இனிச் சிகிச்சையின் வரலாற்றை நோக்குவோம். கி.மு. 1800ஆம் ஆண்டளவிலான எகிப்தியப் பாப்பிரசு ஏடே இந்நோயைக் குறிப்பிடுகிறது. கிரேக்க வைத்தியர் பெண்ணை ஏணியிற் தலைகீழாகக் கட்டிக் குலுக்கினர்; மாதுளங்காயை உள்வைத்துத் தாங்கினர். குலுக்கும் முறையை இரண்டாம் நூற்றாண்டில் சொரேனஸ் கண்டித்தார். நெய் பூசி, பாலால் ஒற்றடமிட்டு, கையால் உள்ளே செலுத்திக் கட்டும் முறையைச் சுசுருத சங்கிதை விவரிக்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் அம்புறுவாஸ் பாரே பித்தளையாலும் மெழுகிட்ட தக்கையாலும் தாங்கிகள் செய்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் றப்பரைக் கந்தகத்துடன் பதப்படுத்தும் முறை கண்டறியப்பட்ட பின்னரே, பெசரி எனப்படும் உள்வைப்புத் தாங்கி பரவலாயிற்று.

சத்திரசிகிச்சையின் வளர்ச்சி மயக்கமருந்துக்கும் கிருமிநீக்கத்திற்கும் பிற்பட்டது. 1877இல் பிரான்சில் லெஃபோர்ட்டும், 1888இல் மன்செஸ்ரரில் ஆச்சிபோல்ட் டொனால்டும் தத்தம் முறைகளை மேற்கொண்டனர். டொனால்டின் முறை அந்நகரின் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. மன்செஸ்ரர் பஞ்சாலைகளின் நகரம். அவ்வாலைகளிற் பணியாற்றிய பெண்கள் மகப்பேற்றுக்குப் பின் மூன்று நான்கு நாட்களிலேயே இயந்திரத்தின் முன் நிற்க நேர்ந்ததையும், அவர்தம் இடுப்பெலும்பு சிதைந்ததையும் ஏங்கல்ஸ் 1845இல் பதிவுசெய்துள்ளார். அந்நகரிலேயே இச்சத்திரசிகிச்சை உருப்பெற்றமை தற்செயலானதன்று எனக் கருத இடமுண்டு. நோயை விளைவித்த தொழிற்சாலை அமைப்பே அதற்கான கத்தியையும் வேண்டிநின்றது.

தமிழில் இவ்வறிவு இல்லாதிருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசன் வைத்தியர் கிறீன் 1857இல் பிரசவ வைத்தியம் பற்றிய நூலையும், 1867இல் இரண வைத்தியம் என்னும் சத்திரசிகிச்சை நூலையும் தமிழில் வெளிக்கொணர்ந்தார். தமிழிலேயே வைத்தியரைப் பயிற்றினார். மலையகத்துத் தமிழ்ப்பெண் அவ்வறிவின் எல்லைக்கு வெளியே நின்றாள். மொழி ஒன்றாயிருப்பினும் வர்க்கம் வேறாயின் அறிவு பொதுவுடைமையாவதில்லை என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

3

இன்றைய மருத்துவம் மூன்று வழிகளை முன்வைக்கிறது. முதலாவது, இடுப்படித் தசைகளுக்கான பயிற்சி. 1948இல் ஆனல்ட் கேகல் இதனைப் பிரபலப்படுத்தினார். தனித்தனியே கற்பித்து மேற்பார்வை செய்யப்படும் பயிற்சி நோய்க்குறிகளைக் குறைக்கும் என 2014இல் வெளியான பன்னாட்டு ஆய்வொன்று காட்டியது. நோயின் தொடக்க நிலைகளிலேயே அது பெரிதும் பயன்தரும். நான்கு மாதங்களாவது தொடரப்படல் வேண்டும். இரண்டாவது, பெசரி. மூன்றாவது, சத்திரசிகிச்சை.

பின்னிரண்டையும் 440 பெண்களிடத்து ஒப்பிட்ட நெதர்லாந்து ஆய்வு 2022இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளின் பின் சத்திரசிகிச்சைப் பிரிவில் 81.5 வீதத்தினரும், பெசரிப் பிரிவில் 76.3 வீதத்தினரும் தாம் தேறியதாகக் கூறினர். பெசரியுடன் தொடங்கியோருட் பாதிக்கு மேற்பட்டோர் இடையிற் சத்திரசிகிச்சைக்கு மாறினர். ஆயினும் சத்திரசிகிச்சையும் முடிவான தீர்வாகாது. நோய் மீளவும் தோன்றலாம். கர்ப்பப்பையை அகற்றுதல் மட்டுமே இறக்கத்தைக் குணப்படுத்தாது. தளர்ந்த தாங்கிகளையும் சீர்செய்தல் வேண்டும். யோனிவழியே செயற்கை வலையைப் பொருத்தும் முறையை, அதன் தீய விளைவுகள் காரணமாகப் பிரித்தானியா 2018இல் இடைநிறுத்தியது. ஐக்கிய அமெரிக்கா 2019இல் அவ்வலைகளின் விற்பனையை நிறுத்துமாறு பணித்தது.

எனவே எல்லோர்க்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. நோயின் நிலை, வயது, இனியும் பிள்ளைப்பேறு வேண்டுமா என்பது, பிற நோய்கள், பெண்ணின் விருப்பம் ஆகியவற்றைச் சீர்தூக்கியே முடிவுசெய்ய வேண்டும் என்பர் வைத்தியர். இக்கூற்று சரியானதே. ஆனால் சீர்தூக்குவதற்கான தராசு யாருடைய கையில் உள்ளது என்ற வினாவை அது எழுப்புவதில்லை.

4

லுணுகலைப் பகுதித் தோட்டமொன்றிற் கொழுந்தெடுக்கும் பெண்ணொருத்தியை மனங்கொள்வோம். தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்தெடுத்தாற் பேர். நிறை குறைந்தால் அரைப்பேர். சரிவில் ஏறி இறங்கி, கூடைக் கயிற்றை உச்சந்தலையில் தாங்கி, நிறுவை நடக்கும் இடம்வரை சுமந்துவந்தாலன்றி அவளது நாள் கணக்கில் ஏறாது.

அவளுக்கு வைத்தியர் சத்திரசிகிச்சையை விதிக்கிறார் எனக் கொள்வோம். விசேட நிபுணரைக் காண்பதற்குப் பெரும்பாலும் பசறை வழியாகப் பதுளைக்கே செல்லவேண்டும். அரச வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணமில்லை. ஆயின் அதன் பின் ஆறு வாரங்கள் முதல் மூன்று மாதங்கள் வரை பாரம் தூக்கலாகாது. அக்காலம் முழுவதும் பேர் இல்லை. வைத்தியம் இலவசம், ஓய்வு இலவசமன்று. ஓய்வின்றி மலைக்குத் திரும்பினால் தைத்த இடம் மீண்டும் தளரும்.

பெசரியைத் தெரிவுசெய்கிறாள் எனின், அதனை உரிய கால இடைவெளியிற் கழற்றிச் சுத்தம் செய்தல் வேண்டும். கவனிப்பின்றி விட்டால் புண்ணும் இரத்தக் கசிவும் உண்டாகும். ஒவ்வொரு மருத்துவமனைப் பயணமும் ஒரு பேரை விழுங்கும். பெண்கள் தாமே கழற்றிப் பொருத்தக் கற்றுக்கொண்டால் சிக்கல்கள் குறைகின்றன எனப் பிரித்தானிய ஆய்வொன்று 2023இல் காட்டியுள்ளது. ஆனால் அதற்குத் தண்ணீரும் மறைவிடமும் வேண்டும். கொழுந்து மலையிற் கழிப்பிடமில்லை. பலர் கூடிவாழும் லயத்து அறையிற் கதவடைத்து இருக்க இடமில்லை. பயிற்சிக்கோ கற்பிப்பார் வேண்டும். அவர் தமிழிற் பேசவும் வேண்டும்.

மூன்று வழிகளும் ஒரே இடத்தில் அடைபடுகின்றன. நேரமும், தனிமையும், ஊதியத்துடன் கூடிய ஓய்வும் உடையாளுக்கே இவை தெரிவுகள். ஏனையோருக்கு, உடுத்திய துணியை இறுகக் கட்டிக்கொண்டு பேசாதிருத்தலே நடைமுறையில் எஞ்சும் வழியாகிறது.

5

இந்நிலைக்குத் தீர்வு அதிகமான சத்திரசிகிச்சைகளே எனக் கூறுவதும் பொருந்தாது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திற் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரை 2019இல் அரசுக் குழுவொன்று ஆராய்ந்தபோது, அவர்களுள் 13,861 பேர் கர்ப்பப்பை அகற்றப்பட்டவர்கள் எனத் தெரியவந்தது. அங்கு ஒப்பந்தக்காரர் கணவன் மனைவியை ஒரே அலகாக முற்பணம் கொடுத்துப் பிடிக்கிறார்; ஒரு நாள் வராவிடினும் தண்டம் அறவிடப்படுகிறது. மாதவிடாயும் நோயும் நட்டமாகத் தோன்றும் அவ்வமைப்பிற் கர்ப்பப்பையே களையப்படுகிறது. தோட்டத்திற் செய்யப்படாத சத்திரசிகிச்சையும் பீட்டில் வேண்டாது செய்யப்பட்ட சத்திரசிகிச்சையும் எதிரெதிரானவை போலத் தோன்றினும், இரண்டுக்கும் வேர் ஒன்றே: வேலைக்கு வராத நாளின் விலையைத் தொழிலாளியே செலுத்தவேண்டியிருத்தல்.

நேபாளத்தின் உயர்நீதிமன்று 2008இல் இந்நோயைப் பெண்களின் இனப்பெருக்க உரிமை சார்ந்த பிரச்சினையாக ஏற்றது. அதன்பின் அரசு சத்திரசிகிச்சை முகாம்களை நடத்தியது. நோயைத் தடுப்பதிலும் பார்க்க அறுவைக்கே முதன்மை தரப்பட்டதென்ற விமர்சனம் 2014இல் எழுந்தது. சிகிச்சைக்குப் பின்னும் அப்பெண்கள் மீளுவது அதே பாரத்திடமே.

6

நமது சட்டங்கள் பிரசவத்தை அறியும். அதன் பின்விளைவை அறியா. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் உழைக்கும் பெண்கள் பெற்ற முக்கிய உரிமை. மூன்றாம் பிள்ளை முதல் விடுமுறையைப் பாதியாக்கிய ஏற்பாடு 2018இலேயே நீக்கப்பட்டது. அதிக பிரசவங்களால் அதிகம் தளர்ந்த உடலுக்கே குறைந்த ஓய்வு என்னும் முரண் அதுவரை சட்டமாகவே நிலவியது. 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் விபத்தினால் நேரும் காயத்தை மையமாகக் கொண்டது. முப்பது ஆண்டுச் சுமையால் மெல்ல நேரும் காயம் அதன் கண்ணிற் படுவதில்லை.

1984இல் தோட்டத்துப் பெண்கள் சம ஊதியம் பெற்றமை கருணையால் விளைந்ததன்று, வேலைநிறுத்தத்தால் விளைந்தது. சிகிச்சையின் பின் ஊதியத்துடனான ஓய்வு, அதன்பின் நிறை குறைத்து முழுப்பேர் தரும் இலகு வேலை, பிரசவத்தின் பின்னான ஒவ்வொரு பரிசோதனையிலும் இந்நோய் பற்றித் தமிழிற் கேட்கப்படும் வினா, பெசரியைத் தானே கையாளக் கற்பிக்கும் மருத்துவிச்சி, மலையிற் கழிப்பிடம் ஆகியனவும் கோரிக்கைப் பட்டியலில் ஏறவேண்டியவை. இவை கிட்டிய பின்னரே சத்திரசிகிச்சையா, மாற்று வழியா என்ற வினா லுணுகலைத் தோட்டத்துப் பெண்ணுக்கு மெய்யான வினாவாகும். அப்போது அவள் எதனைத் தெரிந்தாலும் அது அவளுடைய தெரிவாக இருக்கும்.