ஆடிப்பெருக்கின் ஒழுங்கு: காவிரிப் படித்துறையில் பொதுநிலமும் பயனாளர் உரிமையும்

திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவே உள்ள காவிரிக் கரையை மக்கள் ஒரே இடமாகவே புழங்குகிறார்கள். அரசுப் பதிவேட்டில் அது அப்படி இல்லை. ஆற்றுப் படுகை நீர்வளத் துறையின் பொறுப்பு. 1976இல் திறக்கப்பட்ட காவிரிப் பாலம் நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. அம்மா மண்டபம் படித்துறையின் துப்புரவு மாநகராட்சியின் பொறுப்பு. குளிக்கவும் காற்று வாங்கவும் கட்டுச்சோறு உண்ணவும் வருவோரும், கரையிலேயே பிழைப்பு நடத்துவோரும் இந்தப் பட்டியலில் எங்கும் இல்லை. இக்கரையின் சீர்கேட்டுக்கு முதற்காரணம் நிதிப் பற்றாக்குறை அன்று, இந்த விடுபடல்தான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஆடிப் பதினெட்டைச் சான்றாகக் கொள்ளலாம். விடியும் முன்பே படிகள் நிறைந்துவிடுகின்றன. ஒரு குடும்பம் வாழையிலை விரித்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணியும் காப்பரிசியும் படைக்கிறது. புதுமணப்பெண்ணுக்குத் தாலிக்கயிறு மாற்றுகிறது. கல்யாண மாலையை ஆற்றில் விடுகிறது. இலையை எடுத்ததும் அந்தப் படி, பின்னால் காத்து நிற்கும் குடும்பத்துக்கு. இதற்குச் சீட்டும் இல்லை, கட்டணமும் இல்லை. “கொஞ்சம் தள்ளி உட்காருங்கம்மா” என்று புரோகிதரோ பூக்காரரோ சொல்வதே அங்கு விதி. தீயணைப்பு வீரர்களும் காவலர்களும் தடுப்புக் கட்டி ஆழத்தைக் காக்கிறார்கள். முறைவைப்பை மக்களே பார்த்துக்கொள்கிறார்கள். இந்தக் கூட்டுப் பொறுப்பு நிலைப்பதற்குக் காரணம் பக்தி மட்டும் அன்று. அன்று அங்கே இருக்கும் உரிமை தமக்கு உண்டா என்று எவரும் கேட்பதில்லை.

மற்ற நாட்களில் அந்தக் கேள்வி எழுந்துவிடுகிறது. கோடை மாலையில் பாலத்து நடைபாதையில் காற்று வாங்க நிற்பவர் போக்குவரத்துக்கு இடைஞ்சலாகிறார். அவருக்குச் சுண்டல் விற்பவர் ஆக்கிரமிப்பாளராகிறார். ஸ்ரீரங்கத்தின் மறுபுறம் ஓடும் கொள்ளிடத்தில் 1928இல் கட்டப்பட்ட பழைய பாலம், 2016இல் புதிய பாலம் வந்தபின் நடைப்பயிற்சிக்கான இடமாயிற்று. அந்தப் பயன்பாட்டைத் திட்டமிட்டுத் தந்தவர் எவருமில்லை; நடந்தவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தபோது அந்தப் பொதுவெளியும் போயிற்று.

இந்த இடத்தில், ஊரார் கூடி நீர்நிலைகளைப் பராமரித்த குடிமராமத்தை நினைவூட்டுவது வழக்கம். ஆனால் அதைப் பாதியாகவே நினைவூட்டுகிறோம். ஏரியிலும் வாய்க்காலிலும் உழைப்புக் கொடுத்தவனுக்கு நீர்ப்பங்கில் பேச்சு இருந்தது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் உழைப்பைக் கடமையாக்கியது. முடிவெடுக்கும் உரிமையை அதனுடன் சேர்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கையுறை மாட்டிக் குப்பை பொறுக்கத் தன்னார்வலர்களை அழைத்து, திட்ட வரைபடத்தை மட்டும் அலுவலகத்தில் முடித்துக்கொள்ளும் இன்றைய வழக்கத்திலும் அதே மனப்பாங்கைத்தான் காண்கிறேன். பொதுவளங்களை ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் எழுதிய நூலில், நெடுங்காலம் நிலைத்த அமைப்புகளில் விதிகளால் பாதிக்கப்படுவோருக்கே அவற்றைத் திருத்தும் பங்கும் இருந்ததைக் காட்டினார்.

இதற்கு வலுவான மறுப்பு உண்டு. தமிழக ஏரிப் பாசனத்தை ஆராய்ந்த டேவிட் மோஸ் காட்டியதுபோல், மரபான கூட்டுமேலாண்மைக்குள் சாதி ஆதிக்கம் உறைந்திருந்தது. எந்தப் படித்துறையில் யார் இறங்கலாம் என்பதை ஊர் தீர்மானித்த காலத்தை மீட்டெடுக்க யாரும் விரும்ப முடியாது. அரசின் பொதுச் சட்டம் அங்கே விடுதலையாகவே வந்தது. ஆகவே படித்துறைக்குத் தேவை பழைய ஊர்க்கட்டுப்பாடு அன்று; சட்டத்தால் அமைந்த, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் கரையோர உழைப்பாளருக்கும் இடம் உறுதிசெய்த குழு.

உள்ளூர்க் குழுவால் எல்லாமும் ஆகிவிடாது என்பதும் உண்மை. 1934இல் மேட்டூர் அணை முடிந்தபின், படித்துறையில் நீர் நிற்பது மேட்டூரின் திறப்பைப் பொறுத்தது. 2017போல ஆறு வறண்ட ஆண்டுகளில் மக்கள் ஷவருக்கு அடியில் நின்று பெருக்கைக் கொண்டாட வேண்டியதாயிற்று.

ஆயினும் கரையளவில் தீர்க்கக்கூடியவை பல. 1994 வரை ஸ்ரீரங்கம் தனி நகராட்சி. மாநகராட்சியுடன் இணைந்தபின் கரையைப் பற்றிய முடிவுகள் ஆற்றுக்கு அக்கரைக்குப் போயின. 74ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின் வழிவந்த வார்டு குழுவும் பகுதி சபையும் இன்று சட்டப்படி உள்ளன. இரு கரை வார்டுகளும் சேர்ந்த படித்துறைக் குழு ஒன்றை அவற்றின் கீழ் அமைத்து, துறைகள் அதன் ஒப்புதலின்றிக் கரையில் தடுப்போ கட்டணமோ கொண்டுவராதபடி செய்யலாம். திதி கொடுத்தவர்கள் விட்டுச்செல்லும் துணிகளை எங்கே சேர்ப்பது, எந்தப் படிக்குக் கீழே இறங்கக் கூடாது என்று யார் அறிவிப்பது, 1976ஆம் ஆண்டுக் காவிரிப் பாலத்தை ஒட்டி எழும் புதிய பாலத்தில் நின்று காற்று வாங்க எவ்வளவு அகலம் விடுவது ஆகியவை அக்குழுவின் முதல் கூட்டத்துக்கே போதுமான பொருள்கள். மூன்றாவதைப் பாலம் முடிவதற்குள் பேசியாக வேண்டும்.